140 கேசட்டில் அப்பா குரல் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நாற்பதைத் தாண்டினால் மனுஷனுக்குப் பாட்டு மேல் இருக்கிற ஆசை தானாக வற்றிவிடும், அதற்கப்புறம் கேட்ட பாட்டையே கேட்டுக்கொண்டு, புதுசாக வருவதையெல்லாம் இரைச்சல் என்று தள்ளிக்கொண்டு இருப்பான், இது இயற்கை, இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். டீக்கடையில் வைத்துப் படித்தேன், வீட்டுக்கு வந்தும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். வயது 52. விசைப்படகில் 22 வருஷம் டிரைவராகப் போனேன், இப்போது கரையில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவன் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் பாட்டு என்றால் சோறு தண்ணி மறந்து கிடந்தேன், அப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் பாட்டே இல்லாமல் இருந்தேன், இப்போது மறுபடியும் கேட்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

எங்கள் பக்கம் பாட்டு என்றால் முதலில் இலங்கை வானொலிதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. நம்ம ஊர் நிலையங்கள் கரகரவென்று வரும் நாட்களிலும் கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி ஓடும்போது தெருவில் நடந்தால் ஒரு பாட்டை ஒரு வரிகூட விடாமல் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய்விடலாம், வீட்டுக்கு வீடு அதே நிலையம்தான். அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பாட்டுக்கு முன்னால் என்ன சொல்வார்கள், எந்த இடத்தில் மூச்சு விடுவார்கள் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம். எங்கள் குடும்பம் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு ஓடிவந்த குடும்பம். வீடு, வலை, வள்ளம் எல்லாம் போய், கட்டின துணியோடு வந்து இங்கே குடிசை போட்டார்கள். அந்த வீட்டுக்கு அப்பா கொஞ்சம் காசு சேர்ந்ததும் வாங்கின முதல் பொருள் ஒரு டிரான்சிஸ்டர் என்று அம்மா சொல்வார்.

1986ல் சவுதியில் இருந்து தாய்மாமா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். எனக்கு அப்போது 13 வயது. அதோடு என் தலைவிதி மாறியது என்றே சொல்வேன். ராமேஸ்வரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. ஒரு நோட்டுத் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், ஆறு பாட்டு பிடிக்கும், சின்னப் பாட்டுகளாக இருந்தால் ஏழு. அந்த ஆறையும் எழுதுவதற்கு ஒரு வாரம் ஆகும் எனக்கு. எதற்குப் பின்னால் எது வரணும், பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் வெட்டுப்படாமல் இருக்கணும், இளையராஜாவின் பாட்டுகளில் எதை எடுப்பது எதை விடுவது என்று நண்பர்களோடு சண்டையே வந்திருக்கிறது. காசுக்கு இறால் கம்பெனியில் கோடை விடுமுறையில் பெட்டி தூக்கினேன். உப்புக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், ஹெட் துருவேறும், வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கணும். நாடா உள்ளே சிக்கினால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றி எடுக்கணும், அறுந்தால் பிளேடால் இரண்டு நுனியையும் சாய்வாக வெட்டி, மெல்லிய செலோடேப்பை நாடாவின் அகலத்துக்கே நறுக்கிப் பின்பக்கம் ஒட்டணும், முன்பக்கம் ஒட்டினால் அந்த இடத்தில் பாட்டு செத்துவிடும். ஒட்டின இடத்தில் பாட்டு ஒரு துளி குதிக்கும். இன்றைக்கும் ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் அந்தக் குதி இருக்கும் இடத்தில் என் மனசு குதித்துவிடுகிறது, எந்த ஸ்பீக்கரில் கேட்டாலும் சரி.

1997 வரைக்கும் சேர்த்தது மொத்தம் 140 கேசட். ஏ.ஆர்.ரகுமான் 1992ல் வந்தபோது எங்கள் தெரு மைக்செட் கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து முழுக் கேசட்டையும் பேசாமல் கேட்டோம், முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபடியும் கேட்டோம். அப்படி ஒரு ராத்திரி அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கச்சி இரண்டு பேர் கல்யாணக் கடன். 1998ல் எனக்குக் கல்யாணம். 1999ல் படகுக்குப் போனேன். 2001ல் மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த டூ-இன்-ஒன் போயிற்று. கேசட்டுகளை அரிசிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். அப்புறம் ஒரு பத்து வருஷம் நான் எந்தப் பாட்டையும் முதலில் இருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டதாக ஞாபகம் இல்லை. காதில் விழும், கல்யாண வீட்டில், பஸ்ஸில், பக்கத்துப் படகில். கேட்டேன் என்று சொல்ல முடியாது.

இதைத்தான் உங்கள் வாசகர் ஆசை வற்றிவிட்டது என்கிறார். வற்றவில்லை ஐயா. படகில் போகிறவனின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி, டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றிப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. ராத்திரி முழுக்க இழுவை, மீன் சேர்கிற வலைமடியைத் தூக்கி, கொட்டி, பிரித்து, மறுபடி விடுவது. காலுக்குக் கீழே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்கிறவனிடம் கத்தித்தான் பேசணும். கரைக்கு வந்தால் விலை என்ன, பங்கு என்ன, வட்டி எவ்வளவு, அடுத்த முறை டீசலுக்கு யாரிடம் கேட்பது. வீட்டில் படுத்தால் எஞ்சின் காதுக்குள்ளேயே ஓடும். அந்த நேரத்தில் யாராவது பாட்டுப் போட்டால் எரிச்சல்தான் வரும், நான் என் சொந்த மகனிடம் ரேடியோவை அணைடா என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அப்போது தேவைப்பட்டது சத்தமில்லாத இடம். பாட்டைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் அமைதி வேண்டும், அது இல்லாத ஆளுக்கு எந்தப் பாட்டும் இரைச்சல்தான் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

காது விஷயத்தையும் சொல்லணும், ஏனென்றால் எங்கள் தொழிலில் இதை யாரும் பேசுவதில்லை. 2020ல் வீட்டில் டி.வி. சத்தத்தை அதிகமாக வைக்கிறேன் என்று மகள் சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிப்போனாள். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் சரியாகத்தான் அமுக்குகிறேன் என்று நினைத்தேன். பார்த்தால் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவே இல்லை. வயது ஏறினால் எல்லோருக்குமே அந்த உச்சச் சத்தங்கள்தான் முதலில் குறையும், எஞ்சின் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடும், 85 டெசிபலுக்கு மேல் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காது தாங்காது, உள்காதில் இருக்கிற மயிரிழை மாதிரியான செல்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது என்று அந்த டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து செல்போனில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். தபேலா இருக்கிறது, பேஸ் கிடார் இருக்கிறது, குரல் இருக்கிறது. பின்னால் ஓடும் சின்னச் சலங்கைச் சத்தம் ஒன்று இருக்குமே, அது இல்லை. மனைவியைக் கூப்பிட்டு சலங்கை கேட்குதா என்று கேட்டேன். கேட்குதே என்றாள். 15 வயதில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு அது. அன்றைக்கு அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. இப்போது படகுக்குப் போகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், எஞ்சின் பக்கம் நிற்கும்போது காதை அடைக்கிற பஞ்சோ ரப்பரோ வைத்துக்கொள்ளுங்கள், கிண்டல் பண்ணுகிறவன் பண்ணட்டும்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். வயசான பிறகு ஏன் இளமைக்காலப் பாட்டு மட்டும் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன். பத்து வயதில் இருந்து முப்பது வயது வரைக்கும் நடந்ததுதான் பிற்காலத்தில் மனுஷனுக்கு அதிகமாக ஞாபகம் வரும், அந்தக் காலத்தில் கேட்ட பாட்டு அந்த ஞாபகங்களோடு சேர்ந்தே கிடக்கும் என்று அவள் படித்ததைச் சொன்னாள். சரி, அது இருக்கட்டும். நான் இன்னொரு காரணமும் சொல்வேன். எங்களிடம் இருந்தது பத்து, இருபது, அப்புறம் 140 கேசட். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கணும், பிடிக்காத பாட்டைத் தாண்டி ஓட்டினால் நாடா தேயும் என்று ஓட்ட மாட்டோம். முதலில் பிடிக்காமல் இருந்து இருபதாவது தடவை கேட்கும்போது பிடித்துப்போன பாட்டுகள் எத்தனையோ. இன்றைக்கு நாற்பது வயதுக்காரன் ஒரு புதுப் பாட்டுக்கு எத்தனை தடவை இடம் கொடுக்கிறான்? பல்லவி முடிவதற்குள் தள்ளிவிடுகிறான். பிறகு இந்தக் காலப் பாட்டு மனசில் நிற்கவில்லை என்கிறான். நானும் அப்படிச் சொன்னவன்தான். போன கிறிஸ்துமஸுக்கு மகன் சென்னையில் இருந்து வந்திருந்தபோது ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவன் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பக்கத்து இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் பாட்டும் பேச்சுமாக வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறான், ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன், இன்னொரு தடவை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறான் என்று புரிந்தது. மகன் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். இப்போது வாரத்துக்கு ஒன்று அனுப்புகிறான்.

ரசனை மாறுகிறது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அது குறைந்துபோகிறது என்பதைத்தான் மறுக்கிறேன். நாகூர் ஹனிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1925ல் இதே இராமநாதபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பள்ளிவாசல் மைக்செட்டில் அவர் குரல் வந்தால் எங்களுக்கு விடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான், எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு, அது நமக்கான பாட்டு என்று யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. 2012 வாக்கில், கடன் கழுத்தை நெரித்த நேரம், வேதாளை தாண்டி பைக்கில் வரும்போது ஒரு கடையில் அவர் பாடிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். அந்த வெண்கலக் குரலை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்லணும். அப்பாவுக்குப் பிடித்த எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகளும் அப்படித்தான். 18 வயதில் எனக்கு அதெல்லாம் மெதுவாக இழுக்கிற பாட்டு, தாளக்கட்டு எப்படி, பேஸ் எப்படி என்று மட்டும்தான் பார்ப்பேன். கண்ணதாசன் என்ன எழுதியிருக்கிறார் என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகு. குடும்பப் பாரம் எனக்கு ஒருவிதப் பாட்டைக் கேட்கவிடாமல் செய்தது, இன்னொரு விதப் பாட்டைக் கேட்கும் காதைக் கொடுத்தது.

2015ல் ஹனிபா, எம்.எஸ்.வி., கலாம் ஐயா மூவரும் நாலு மாதத்துக்குள் போனார்கள். கலாம் ஐயாவை எங்கள் பக்கத்தில் பேய்க்கரும்பில்தான் அடக்கம் செய்தோம். அங்கே நினைவிடத்தில் அவர் வீணை வாசிக்கிற மாதிரி ஒரு சிலை இருக்கிறது. நாட்டையே தூக்கிச் சுமந்த மனுஷன் வீணையை விடவில்லையே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். அவருக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்கவில்லை என்று நண்பன் ஒருவன் சொன்னான், அதுவும் நியாயம்தான், ஆனாலும் அந்தச் சிலை எனக்கு ஒரு தைரியம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம், தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

என் அப்பா ஒரு சம்மாட்டியின், அதாவது வலைக்குச் சொந்தக்காரரின், கரைவலையில் இழுத்தவர். எனக்குப் பத்து வயதில் விடிகாலையில் அவரோடு போய் மணலில் உட்கார்ந்திருப்பேன். வள்ளம் கடலுக்குள் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு நுனியும் கரையில், நுனிக்குப் பதினைந்து இருபது பேர். இடுப்பில் கயிற்றைக் கொடுத்துப் பின்னாலேயே நடந்து நடந்து இழுப்பார்கள். அம்பா என்பது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, அப்பாதான் அதை எடுத்துக் கொடுப்பவர். அவர் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள், அந்த வாங்குகிற இடத்தில் எல்லோர் காலும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றும். தொடக்கத்தில் கயிறு நீளமாக இருக்கும், பாரம் அதிகம், பாட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வரும், பாட்டு வேகம் எடுக்கும், கடைசியில் வார்த்தையே இருக்காது, ஐலசா ஐலசா மட்டும்தான். சாமி பெயர், கிழவியைக் கேலி, சம்மாட்டி கொடுக்காத கூலி, இலங்கைக்குப் போய் வராத தம்பி, எல்லாம் அந்தப் பாட்டில் வரும், அன்றைக்கு என்ன மனசில் இருக்கிறதோ அது வரும். அப்பாவுக்கு அப்போது ஐந்து பிள்ளைகள், கடன், புயலில் எல்லாம் போட்டுவிட்டு வந்த குடும்பம். பொறுப்புக்கு அவரிடம் குறைச்சல் இல்லை. ஆனால் பாட்டுக்கு நேரமில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் பாட்டு நின்றால் வலை வராது.

நானோ வேலையும் பாட்டும் ஒன்றாக இல்லாத ஒரு தொழிலுக்கு வந்தேன். எஞ்சினுக்குப் பாட்டு தேவையில்லை. எனக்குப் பாட்டு என்பது காசு கொடுத்து வாங்கி, வேலை இல்லாத நேரத்தில் கேட்கிற பொருளாக இருந்தது, அதனால் வேலை கூடினதும் முதலில் அதுதான் போயிற்று. இதில் வயது எங்கே வந்தது, சொல்லுங்கள்?

அப்பா 2009ல் இறந்தார். கரைவலையை விட்டு அதற்கு முன்னாலேயே பல வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் என் மகளை மடியில் போட்டுக்கொண்டு அம்பா மெட்டிலேயே தாலாட்டுவார், கயிறு இழுக்கிற பாட்டில் பிள்ளை தூங்கும். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பரணில் இருந்து சாக்கை இறக்கிப் பார்த்தேன். 140 கேசட். டூ-இன்-ஒன்னில் ரெக்கார்டு பண்ணும் சிவப்புப் பொத்தான் இருந்தது, உள்ளேயே மைக்கும் இருந்தது. ரேடியோவில் பாட்டு வந்தால் ஓடிப்போய் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறேன், எத்தனையோ தடவை. பத்து வருஷத்துக்கு மேல் அது எங்கள் வீட்டில் இருந்தது, அப்பாவும் அதே வீட்டில்தான் இருந்தார், அவர் பாடி ஒரு அடிகூட நான் பிடித்துவைக்கவில்லை. அது பாட்டு என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. பாட்டு என்றால் ராமேஸ்வரம் கடையில் இருந்து வருவது என்று நினைத்திருந்தேன்.

இதைப் படிக்கிற ஒவ்வொருவர் கையிலும் இப்போது செல்போன் இருக்கிறது. வீட்டில் அம்பாவோ, தாலாட்டோ, ஒப்பாரியோ, நடவுப் பாட்டோ தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இன்றைக்குச் சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். விட்டுவிடாதீர்கள். பின்னால் நடக்கிற மாதிரி காலை அசைத்துக் காட்டச் சொன்னால் பாட்டும் சேர்ந்து வரும், எங்கள் தெருவில் அப்பாவோடு வலை இழுத்த பெரியவர் ஒருவரிடம் அப்படித்தான் நான் நாலு பாட்டு வாங்கினேன்.

நான் மறுபடியும் கேட்க ஆரம்பித்ததும் வேலையோடு சேர்ந்துதான். பாம்பனில் இருந்து 2016 முதல் கடல் ஓசை 90.4 வருகிறது. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு என்று சொல்வார்கள், நடுவில் பாட்டு வரும். வானிலைக்காகத்தான் வைத்தேன், வைத்த ரேடியோ பாட்டையும் கொண்டுவந்தது. அப்புறம் தடைக்காலம். எங்கள் கரையில் ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்னால் 45 நாளாக இருந்தது. கையில் காசு இல்லாத காலம் அது, அதை நான் அழகாக்கிச் சொல்லவில்லை, ஆனால் எஞ்சின் ஓடாத காலமும் அதுதான். முதல் வாரம் காதுக்குள் இரைச்சல் அடங்காது. இரண்டாவது வாரத்தில் தென்னை ஓலைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். 2018 தடைக்காலத்தில் ஒரு மத்தியானம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். வீட்டுப் பின்பக்கம் என் மனைவி மீன் காயப் போட்டுக்கொண்டு என்னமோ பாடிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வாசகர் நாற்பதைத் தாண்டியவர்கள் என்று எழுதும்போது ஆண்களை மட்டும் நினைத்து எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் 20 வருஷம் என் பாட்டு போச்சே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாம்பன் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் கோவில் பாடகர் குழுவில் ஞாயிறு பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாக நின்று பாடுகிறவள். பெண் பார்க்கப் போனபோது அம்மா அதைப் பெருமையாகச் சொன்னார். கல்யாணம் ஆகி வந்த பிறகு ஒருவரும் அவளைப் பாடு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்காவது நேரம்தான் இல்லை. அவளுக்கு நேரமும் இல்லை, குரலைத் திறந்து விட இடமும் இல்லை, மாமனார் மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் சத்தமாகப் பாடினால் தெரு என்ன சொல்லும் என்கிற ஊர் இது. பிள்ளைகள் தூங்குவதற்காக மட்டும் சின்னக் குரலில் பாடினாள். அவை வளர்ந்ததும் அதுவும் நின்றது. அன்றைக்கு அவள் பாடினது பழைய பைபிள் சங்கீதப் பாடல் ஒன்று, நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாய் என்றேன். நீங்க வலையைப் பாருங்க என்றாள். அந்த நிறுத்தின இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. பங்குச் சாமியாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன், அவள் கோபப்பட்டாள், வேண்டாம் என்றாள், குரல் போய்விட்டது, சின்னப் பிள்ளைகள் நடுவில் போய் நின்றால் நன்றாக இருக்குமா என்றாள். இரண்டு வருஷம் இப்படியே போனது, அப்புறம் கொரோனா. 2022ல் சேர்ந்தாள், 44 வயதில். முதல் நாள் பழைய உயரத்துக்குப் போக முடியாமல் தொண்டை அடைத்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒன்றும் சொல்லாமல் ஸ்கேலை இறக்கி வாசித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, குரல் கீழே இறங்கியிருக்கு, ஆனா முன்னைவிட கனமா இருக்கு என்று தானே சொன்னாள். அதே வருஷம் ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாப் பூசையில் பதிலுரைப் பாடல் அவள்தான். நான் ஆண்கள் பக்கம் தூண் ஓரமாக, நல்ல காது இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். மேல் ஸ்தாயி இறங்கி வந்ததால் அவள் பாடினது முழுசும் எனக்குக் கேட்டது.

செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஒத்திகை. ஏழரைக்கு வருவாள். அந்த இரண்டு நாளும் உலை வைத்துச் சோறு வடிப்பது நான், குழம்பை மட்டும் காலையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். போன வியாழக்கிழமை வரும்போதே புதுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் நிறுத்தவில்லை, நான் அடுப்படியில் இருந்து போனில் ரெக்கார்டரைப் போட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்